வியப்போடு நின்றுவிடலாமா?



நம் பள்ளிச் சபைகூடல்களில் 'உங்களுக்குத் தெரியுமா?' என்று மாணவர்கள் அறிவியல் துணுக்குகளை வாசிப்பது வழக்கம். வாசித்ததும் கைதட்டல் எழும். அத்தோடு அறிவியலும் முடிந்துவிடும். இது போதாது என்பதே என் கருத்து.

'வெள்ளிக் கோளில் ஒரு நாள் ஓராண்டைவிட நீளமானது' என்பதை எடுத்துக்கொள்வோம். வெள்ளி தன் அச்சில் ஒருமுறை சுழல ஏறத்தாழ 243 பூமி நாள்கள் ஆகின்றன. சூரியனைச் சுற்றிவரவோ 225 நாள்களே போதும். ஆனால், அக்கோள் எதிர்த்திசையில் சுழல்வதால், ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம்வரை சுமார் 117 நாள்கள்தாம். அப்படியானால் 'நாள்' என்பது எது? இக்கேள்வியில்தான் பாடமே தொடங்குகிறது.

சில துணுக்குகள் பொய்யாகவும் இருக்கின்றன. சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்பது அவற்றுள் ஒன்று. சுவர் நீளமானதுதான், ஆயினும் அகலம் சில மீட்டர்களே. 2003-இல் பூமியைச் சுற்றிவந்த சீன விண்வெளி வீரர் யாங் லிவெய், தம் கண்ணுக்கு அது தென்படவில்லை என்றே கூறினார்.

எனவே, ஒவ்வொரு துணுக்கிற்குப் பின்னும் 'ஏன்?', 'எப்படித் தெரியும்?' என்று கேட்க மாணவர்க்கு இடமளிப்போம். வீட்டில் பிள்ளை அவ்வாறு கேட்டால், அதை எதிர்த்துப் பேசுவதாக எண்ணி அடக்கிவிடாதீர்கள். கேள்வி கேட்க அஞ்சும் பிள்ளை, கேட்டதையெல்லாம் நம்பும் மனிதனாகவே வளரும்.

சிந்திப்போம்.