வலிக்காத கண்ணையும் காட்டுவோம்

மூட்டு வலி என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் பாட்டிமார்கள்தாம். பள்ளிச் சிறுமி ஒருத்தி "முழங்கால் வலிக்கிறது, டீச்சர்" என்றால், விளையாட்டு வகுப்புக்கு மட்டம் போடச் சாக்குச் சொல்லுகிறாள் என்று எண்ணிவிடுகிறோம். வீட்டிலோ, "வளருகிற பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும்" என்று தைலம் தேய்த்து விடுகிறார்கள். ஆனால் குழந்தைகளுக்கும் மூட்டுவாதம் வரும். 16 வயது ஆகுமுன், வேறு காரணம் ஏதுமின்றி, ஒரு மூட்டாவது 6 வாரங்களுக்குக் குறையாமல் வீங்கியிருந்தால் அதனைச் சிறார் மூட்டுவாதம் என்பர் மருத்துவர்.

நம் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குவதால் இந்நோய் உண்டாகிறது. அதே சக்தி சில பிள்ளைகளின் கண்ணுக்குள்ளும் அழற்சியை உண்டாக்குகிறது. இதற்கு யுவியைடிஸ் என்று பெயர். மேல்நாட்டுக் கணக்குப்படி, மூட்டுவாதமுள்ள குழந்தைகள் 100 பேரில் 10 முதல் 20 பேருக்கு இது வருகிறது. பெண் குழந்தைகளுக்கும், 7 வயதுக்கு முன்பே நோய் கண்டவர்களுக்கும், ஓரிரு மூட்டுகள் மட்டுமே வீங்கியவர்களுக்கும் ஆபத்து அதிகம். 'ஒரு முழங்கால்தானே' என்று நாம் அலட்சியம் செய்யும் பிள்ளைக்கே கண்ணில் ஆபத்து மிகுதி என்பதைக் கவனியுங்கள்.

'மெட்ராஸ் ஐ' வந்தால் கண் சிவக்கிறது, உறுத்துகிறது, வகுப்பே அறிந்துகொள்கிறது. இந்நோயிலோ பெரும்பாலும் சிவப்பு இல்லை, வலி இல்லை. கரும்பலகை எழுத்தும் ஆரம்பத்தில் நன்றாகவே தெரியும். ஆகவே, பள்ளியில் எழுத்து அட்டையை வாசிக்கச் சொல்லும் சோதனையில் இது அகப்படாது. ஸ்லிட் லாம்ப் என்னும் கருவியால் கண் மருத்துவர் பார்த்தால்தான் தெரியும். பார்க்காமல் விட்டால் கண்புரை, கண் நீர் அழுத்தம், முடிவில் பார்வை இழப்பு வரையிலும் கொண்டுபோய் விடும். காலத்தில் கண்டால் சொட்டு மருந்தும், தேவைப்பட்டால் வேறு மருந்துகளும் பார்வையைக் காக்கும். அச்சொட்டு மருந்தைத் தாமாகக் கடையில் வாங்கி ஊற்றுவதும், தாமாக நிறுத்துவதும் கூடாது.

"கண்ணில் குறையே இல்லாத பிள்ளையை மதுரைக்கு அழைத்துப் போனால் ஒரு நாள் கூலி போகுமே" என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆபத்து மிகுந்த பிள்ளைகளை முதல் சில ஆண்டுகள் 3 மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும். முழங்கால் குணமான பின்பும் காட்ட வேண்டும். ஏனெனில் மூட்டு ஆறிய பிறகும் கண்ணில் நோய் தோன்றுவதுண்டு. ஆனால் அச்சோதனை வலியற்றது. சில நிமிடங்களில் முடிவது. திருமங்கலத்திலிருந்து மதுரை 20 கிலோமீட்டர்தான். அங்கே அரசு இராஜாஜி மருத்துவமனை உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையில் இந்நோய்க்கென்றே தனிப் பிரிவும் உண்டு.

அரவிந்தை 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களும் மூட்டுவாதத்தால் துன்புற்றவரே. அவருக்கு வந்தது பெரியவர்களுக்கு வரும் முடக்குவாதம். இளவயதில் விரல்கள் கோணிப்போயின. பேனா பிடிக்கவும் முடியவில்லை. அக்கையால் கத்தி பிடிக்கப் பழகி, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். வளைந்த விரல்கள் பிறருக்குப் பார்வை தந்த ஊருக்கு இத்தனை அருகில் இருந்துகொண்டு, மூட்டு வீங்கிய ஒரு சிறுமி கவனிப்பாரின்றிப் பார்வை இழக்கலாமா?

நம் பள்ளி இரண்டு காரியங்களைச் செய்யலாம் என்பது என் தாழ்மையான கருத்து. முதலாவது, வாரக்கணக்கில் நொண்டி நடக்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், "மருத்துவரிடம் காட்டுங்கள், மூட்டுவாதம் என்றால் கண்ணையும் காட்டுங்கள்" என்று பெற்றோருக்கு எழுதியனுப்புவது. இரண்டாவது, கண் சோதனைக்காக எடுக்கும் விடுப்பை வருகைப் பரிசுக்குக் குறையாகக் கணக்கிடாதிருப்பது. பரிசு போய்விடுமே என்று அஞ்சி ஒரு பிள்ளை மருத்துவமனைக்குப் போகாமல் இருந்தால், அப்பரிசால் யாருக்கு என்ன பயன்?

டிசம்பர் 13, கண்களின் பாதுகாவலியான புனித லூசியாவின் திருநாள். அன்று அவரிடம் மன்றாடுவதோடு, நம் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழியிடமும், வீட்டிலுள்ள தங்கையிடமும், "காலையில் எழும்போது கால் விறைக்கிறதா?" என்று அன்போடு ஒரு வார்த்தை கேட்போம். நாம் கேட்காவிட்டால் அவளாகச் சொல்லமாட்டாள். அவள் கண்ணும் சொல்லாது.