நூறில் அறுபது இருந்தும் தோற்பது ஏன்?

தேனிப் பக்கத்து மில் ஒன்றில் இரவு ஷிப்ட் முடித்து வந்த தோழர் ஒருவர், டீக்கடை பெஞ்சில் நம்மிடம் ஒரு கேள்வி போட்டார். "மில்லுக்குள்ளே நூறு பேரில் அறுபது பேராவது முதலாளி பக்கம் இல்லை. ஊரிலும் அதே நிலைதான். ஆனால் ஓட்டு எண்ணி முடித்தால் நமக்கு வேண்டாதவன்தானே மாலை போட்டுக்கொண்டு வருகிறான்? எண்ணுகிற இடத்தில் ஏதும் தில்லுமுல்லா தோழர்?"

தில்லுமுல்லு நடக்கும் இடங்களும் உண்டு. ஆனால் எவரும் எதையும் திருடாமலே, சட்டப்படியே, அறுபது பேர் நாற்பது பேரிடம் தோற்க முடியும். அந்தச் சூட்சுமத்தை உழைப்பாளி மக்கள் தெரிந்துகொள்வது அவசியம். பணக்காரர்களுக்கு அது நெடுநாளாகவே தெரியும்.

கணக்கு இதுதான்

நூறு ஓட்டு. கூலி உயர வேண்டும் என்பவர்கள் அறுபது. வேண்டாம் என்பவர்கள் நாற்பது. வேண்டாம் என்கிற நாற்பது பேரும் ஒரே அபேட்சகரை நிறுத்துகிறார்கள். வேண்டும் என்பவர்கள் பக்கத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். ஒருவர் எங்கள் தெருக்காரர் என்று இருபத்தைந்து. இன்னொருவர் எங்கள் ஜாதிக்காரர் என்று இருபது. மற்றவர் பழைய தலைவரின் ஆள் என்று பதினைந்து. நாற்பது ஜெயிக்கிறது, அறுபது தோற்கிறது. அதோடு நிற்பதில்லை. 'கூலி உயர்வை ஊரே நிராகரித்துவிட்டது' என்று மறுநாள் மேடை போட்டுப் பேசவும் செய்வார்கள்!

நம் நாட்டுச் சட்டத்தில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்க வேண்டுமென்ற நிபந்தனை இல்லை. மற்ற ஒவ்வொருவரையும்விட ஒரு ஓட்டு கூடுதலாக இருந்தால் போதும். கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலை ஐந்து இடத்தில் உடைத்துவிட்டால் முல்லைப் பெரியாற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் கடைமடை காய்ந்துதான் கிடக்கும்.

ஆண்டிபட்டியும் போடியும்

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று எண்ண வேண்டாம். நமது மண்ணிலேயே நடந்தது.

ஆண்டிபட்டி எம்.ஜி.ஆரின் தொகுதி. 1984-ல் அவர் அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோதே இங்கு ஜெயித்தார். 1987 டிசம்பரில் அவர் மறைந்தார். அவரது கட்சி இரண்டாக உடைந்தது. ஜெயலலிதா அணிக்குச் சேவல் சின்னம், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. இரட்டை இலை இருவருக்கும் இல்லை. 1989 ஜனவரித் தேர்தலில் எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி அம்மையாரே ஆண்டிபட்டியில் நின்றார். காங்கிரசும் தனியாக நின்றது. ஜெயித்தவர் தி.மு.க. அபேட்சகர்; சுமார் 31 ஆயிரம் ஓட்டு. சேவல் இரண்டாவது, சுமார் 27 ஆயிரம். ஜானகி அம்மையார் மூன்றாவது. சுமார் 22 ஆயிரம். சேவலும் புறாவும் சேர்ந்தால் ஐம்பதாயிரத்தை நெருங்கும். முப்பத்தோராயிரம் ஜெயித்தது.

ராஜ்யம் முழுவதும் கதை இதுவே. நூற்றுக்குச் சுமார் 33 ஓட்டு வாங்கிய தி.மு.க. சட்டசபையில் தனிப்பெரும்பான்மை பெற்றது. அது தி.மு.க. செய்த குற்றமன்று. எதிரே நின்றவர்கள் மூன்றாகப் பிரிந்து கொடுத்த பரிசு.

இனி அடுத்த தொகுதிக்கு வருவோம். அதே நாள், அதே பள்ளத்தாக்கு, அதே பிளவு. போடிநாயக்கனூரில் ஜெயலலிதா நின்றார். ஜானகி அணியும் ஆளை நிறுத்தியது. அங்கே ஜெயலலிதா பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தார். காரணம் என்ன? போடியில் ஓட்டர்கள் தாங்களாகவே ஒரு பக்கம் திரண்டுவிட்டார்கள். ஆண்டிபட்டியில் ஓட்டு கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிளந்தது. ஆகவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது பாதி விஷயந்தான். ஓட்டு எப்படிப் பிரிகிறது என்பதே மீதி விஷயம்.

தலைவர்கள் பாடம் கற்க அதிக நாள் ஆகவில்லை. சில வாரங்களில் இரு அணியும் இணைந்தன. இரட்டை இலை திரும்பி வந்தது. மார்ச் மாதம் மதுரை கிழக்கிலும் மருங்காபுரியிலும் நடந்த தேர்தல்களில் இணைந்த கட்சி இரண்டையும் பிடித்தது. பதவிக்காக அவர்கள் அவ்வளவு விரைவில் ஒன்றுபட முடிந்ததென்றால், கூலிக்காக நாம் ஒன்றுபட ஏன் ஆண்டுக்கணக்காகிறது?

கூட்டல் எப்போதும் சரியா?

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓட்டுகளைக் காகிதத்தில் கூட்டிப் பார்த்து, 'சேர்ந்திருந்தால் ஜெயித்திருப்போம்' என்று சொல்லிவிடுவது எளிது. எல்லா இடத்திலும் அது உண்மையாகாது.

2019 பார்லிமெண்ட் தேர்தலில் தேனியில் அண்ணா தி.மு.க.வின் ரவீந்திரநாத் குமார் சுமார் 5 லட்சத்து 4 ஆயிரம் ஓட்டுடன் ஜெயித்தார். காங்கிரசின் இளங்கோவன் சுமார் 4 லட்சத்து 28 ஆயிரம். அ.ம.மு.க.வின் தங்க தமிழ்ச்செல்வன் சுமார் 1 லட்சத்து 44 ஆயிரம். தமிழகத்தில் தி.மு.க. கூட்டணி தோற்ற ஒரே ஸ்தானம் இதுதான். பின்னவர் இருவரையும் கூட்டினால் 5 லட்சத்து 72 ஆயிரம் வருகிறது. 'ஓட்டுப் பிரிந்ததால் தோற்றோம்' என்று அப்போது பலரும் பேசினார்கள். ஆனால் அ.ம.மு.க. எந்த வீட்டிலிருந்து பிரிந்தது? அண்ணா தி.மு.க. வீட்டிலிருந்துதானே! அது நிற்காவிட்டால் அந்த ஓட்டில் பெரும்பகுதி காங்கிரசுக்கு வந்திருக்கும் என்று எந்த ஆதாரத்தில் சொல்வது?

2024-ல் அதே தங்க தமிழ்ச்செல்வன் தி.மு.க. அபேட்சகராக நின்று 5 லட்சத்து 71 ஆயிரத்துக்கும் மேல் வாங்கினார். தினகரன் சுமார் 2 லட்சத்து 92 ஆயிரம், அண்ணா தி.மு.க. சுமார் 1 லட்சத்து 55 ஆயிரம். இந்த இரண்டையும் கூட்டினாலும் ஜெயித்தவரை எட்டவில்லை. ஓட்டு பிரியத்தான் செய்தது. முடிவை மாற்றியது அதுவன்று.

ஓட்டு மூட்டைக்குள் இருக்கும் நெல் அல்ல, ஒரு களத்திலிருந்து இன்னொரு களத்துக்கு அப்படியே தூக்கிப் போட. ஒவ்வொரு ஓட்டுக்குப் பின்னாலும் ஒரு மனிதன் இருக்கிறான். அவனுக்கு ஒரு மனக்கணக்கு இருக்கிறது.

கூட்டம் சேர்க்கும் வித்தை

அபேட்சகர் கூட்டம் சில சமயம் தானாகச் சேர்கிறது, சில சமயம் சேர்க்கப்படுகிறது. பெரியகுளத்துக்காரரான ஓ. பன்னீர்செல்வம் 2024-ல் ராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரில் இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள் மனுப் போட்டது நாடறிந்த செய்தி.

மலைக்கு அப்பால் கேரளத்தில் 2004-ல் ஆலப்புழையில் காங்கிரசின் வி.எம். சுதீரன் சுமார் ஆயிரம் ஓட்டில் தோற்றார். அதே சுதீரன் என்ற பெயரில் நின்ற ஒரு சுயேச்சைக்கு 8 ஆயிரத்துக்கும் மேல் விழுந்திருந்தது. ஜெயித்தவர் இடதுசாரி அணியின் அபேட்சகர். நமக்குச் சாதகமாக முடிந்தது என்பதற்காக இதை நாம் மறைக்கலாகாது. படிப்பறியாத ஓட்டரைக் குழப்பும் வித்தை எவருக்குப் பயன்பட்டாலும் அது உழைப்பாளிக்குத் துரோகமே.

அதற்காக, டெபாசிட்டை ஏற்றிக் கூட்டத்தைக் குறைப்பது தீர்வாகுமா? 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்று ஓட்டுச் சீட்டே புத்தகமாயிற்று. அதே ஆண்டு டெபாசிட் உயர்த்தப்பட்டது. பிறகும் உயர்ந்து சட்டசபைக்கு 10 ஆயிரம், பார்லிமெண்டுக்கு 25 ஆயிரம் ரூபாய் என்றாயிற்று. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பாதி. ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் அதுவும் போயிற்று. திராட்சைத் தோட்டத்தில் கவாத்துக்குப் போகிறவனை இது தடுக்கும். போலி அபேட்சகரைப் பணம் கொடுத்து நிறுத்துகிறவனுக்கு இது ஒரு வேளைப் பெட்ரோல் செலவு!

கடல் கடந்த பாடங்கள்

அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில் ஒரு முறை உண்டு. எல்லாக் கட்சி அபேட்சகர்களும் ஒரே சீட்டில் முதற்கட்டத் தேர்தலில் நிற்க வேண்டும்; முதல் இருவர் மட்டும் கடைசிப் போட்டிக்குப் போவார்கள். 2012-ல் அங்கே 31-வது தொகுதியில் ஜனநாயகக் கட்சிக்கே செல்வாக்கு அதிகம். ஆனால் அக்கட்சியில் நால்வர் நின்றார்கள். குடியரசுக் கட்சியில் இருவரே. நால்வரின் ஓட்டும் சிதறி, கடைசிப் போட்டிக்கு இரண்டு குடியரசுக் கட்சிக்காரர்களே போனார்கள். பெரும்பான்மைக் கட்சிக்கு இறுதிப் போட்டியில் ஆளே இல்லை!

பிரான்சில் அதே ஆண்டல்ல, பத்தாண்டு முன்னதாக, 2002-ல் ஜனாதிபதி தேர்தலில் 16 பேர் நின்றார்கள். சோஷலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள், வேறு சில இடதுசாரிக் குழுக்கள் தனித்தனியே. சோஷலிஸ்டு ஜோஸ்பன் நூற்றுக்கு 16.18 வாங்கினார். இனவெறியர் லெ பென் 16.86 வாங்கி அவரை முந்தினார். கம்யூனிஸ்டு அபேட்சகர் மட்டுமே 3.37 வாங்கியிருந்தார். பிறகு பிரெஞ்சுத் தொழிலாளிகள் லெ பென்னைத் தடுப்பதற்காக வலதுசாரி ஷிராக்குக்கு ஓட்டுப் போட வேண்டியதாயிற்று.

இலங்கையில் வேறு ஏற்பாடு. அங்கே இரண்டாம், மூன்றாம் விருப்பத்தையும் குறிக்கலாம். 2024 செப்டம்பரில் சீட்டில் 39 பெயர்கள். எவருக்கும் பாதி கிடைக்கவில்லை. அநுர குமார திசாநாயக்க நூற்றுக்கு 42-க்கு மேல் வாங்கியும், அந்நாட்டின் வரலாற்றிலேயே முதன்முறையாக இரண்டாம் விருப்பத்தை எண்ணித்தான் அவர் ஜெயித்ததாக அறிவித்தார்கள். ஆனால் தோற்ற அபேட்சகர்களுக்கு ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் விருப்பத்தைக் குறிக்கவே இல்லை. உரிமை சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதைக் கையாள மக்களுக்குக் கற்பிக்கவும் வேண்டும்.

நம் நாட்டில் ஜனாதிபதியையும் ராஜ்யசபை உறுப்பினர்களையும் விருப்ப வரிசைப்படிதான் தேர்ந்தெடுக்கிறார்கள். எம்.எல்.ஏ.க்களுக்கு உள்ள இரண்டாம் விருப்பம் களை எடுக்கும் அம்மாவுக்கு மட்டும் ஏன் இல்லை?

நமது தவறையும் சொல்வோம்

2016-ல் இடதுசாரிக் கட்சிகள் மக்கள் நலக் கூட்டணியில் மூன்றாவது அணியாக நின்றன. இரு பெரிய அணிகளுக்கும் இடையே ராஜ்ய அளவில் நூற்றுக்குச் சுமார் ஒரு ஓட்டே வித்தியாசம். நமக்கு 234-ல் ஒரு ஸ்தானமும் கிடைக்கவில்லை. சட்டசபையில் செங்கொடியின் குரலே இல்லாமற் போயிற்று. கொள்கை சரியென்று சொல்லி நாம் இதைத் தாண்டிப் போய்விட முடியாது. கூலிக்காகக் கேள்வி கேட்க ஆளில்லாத ஐந்தாண்டை உழைப்பாளிகள்தான் அனுபவித்தார்கள்.

அப்படியானால் எப்போதும் பெரிய கட்சிக்குப் பின்னால் வாய்மூடி நடப்பதா? அதுவுமன்று. 'ஓட்டு சிதறும்' என்று பயமுறுத்தியே ஏழையின் அபேட்சகரை என்றென்றும் உட்கார வைப்பது பணக்காரர்களின் பழைய தந்திரம். ஐக்கியம் என்பது ஒப்பந்தம். ஒப்பந்தத்துக்கு விலை உண்டு. அது கூலி, வீட்டுமனைப் பட்டா, மில்லில் பயிற்சித் தொழிலாளி என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கப்படுபவர்க்கு நிரந்தர வேலை. இவற்றை எழுத்தில் வாங்காத ஐக்கியம் வெறும் சரணாகதி.

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, நம்மில் யார் நிற்பது என்ற சண்டையைச் சங்கக் கூட்டத்திலேயே, கை தூக்கி, பலமுறை வேண்டுமானாலும் எண்ணித் தீர்த்துக்கொள்வோம். மனு வாபஸ் பெறும் நாளுக்குப் பிறகு ஒரே ஆள், ஒரே சின்னம். இரண்டாவது, சின்னத்தையும் வரிசை எண்ணையும் வீடு வீடாகச் சொல்லுவோம். பெயரை மட்டும் நம்ப வேண்டாம். மூன்றாவது, விருப்ப வரிசை ஓட்டு சாதாரண மக்களுக்கும் வேண்டுமென்று கேட்போம்.

டீக்கடைத் தோழர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்போ எண்ணுகிற இடத்தில் தோற்கவில்லை தோழர், நம்ம சங்க ஆபீசிலேயே தோற்கிறோம்." அவர் சொன்னது சரி. அங்கே தோற்காமலிருப்பது நமது கையில்தான் இருக்கிறது.