களிமண்ணைத் தொடும் கல்வி

பள்ளிக்கூடத்தில் களிமண் பிசைவதும், இலையில் சாயந் தோய்த்துத் தாளிற் பதிப்பதும் வீண் பொழுதுபோக்கென்று கூறும் பெற்றோர் நம் சமூகத்தில் இன்றும் பலருளர். "எங்கள் கைகள் மண்ணிலும் ரப்பர்ப் பாலிலும் தேய்ந்தது போதாதா? எங்கள் பிள்ளையாவது பேனா பிடிக்கட்டும்" என்பது அவர்கள் வாதம். தலைமுறை தலைமுறையாய்ப் பட்ட துன்பத்திற் பிறந்த வாதமாதலின், இதனை நாம் எள்ளி நகையாடோம். ஆயினும் இது தவறென்று சொல்லாமலும் இரோம்.

தஞ்சோங் மாலிம் நகரையே சான்றாகக் கொள்வோம். 1922-ம் ஆண்டில் இங்கே சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. மலாய் ஆசிரியர்களைப் பயிற்றிய அக்கல்லூரியில் கூடை முடைதலும் தோட்டவேலையும் பாடங்களாயிருந்தன. நோக்கம் யாது? உழவன் மகன் உழவனாகவும், மீனவன் மகன் மீனவனாகவும், தந்தையினும் சிறிது கூடுதல் அறிவோடு கிராமத்திலேயே இருக்கட்டும் என்பதே அன்றைய வெள்ளையர் ஆட்சியின் கொள்கை. தமிழ்நாட்டிலும் 1953-ல் இராஜாஜி அரசாங்கம், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்றொரு திட்டங் கொணர்ந்தது. குலக்கல்வியென்று மக்கள் கொதித்தெழுந்தனர். 1954-ல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. இவற்றையறிந்த தமிழனுக்குக் கைவேலை என்றதும் ஐயம் பிறப்பதில் வியப்பென்ன?

ஆனால் அக்கல்லூரியின் பின்கதையையும் கேட்க வேண்டும். அங்கே பயின்ற இப்ராஹிம் யாக்கோப், 1938-ல் கெசத்துவான் மெலாயு மூடா என்னும் மலாய் இளைஞர் சங்கத்தை அமைத்தோருள் முதன்மையானவர். பணிந்து கிடக்கப் பயிற்றிய இடத்திலிருந்தே அந்நிய ஆட்சியை எதிர்த்தோர் கிளம்பினர்! ஆகவே கூடை முடைவதால் எவனும் அடிமையாகான். "இதுவே உன் பிறப்புக்குரிய தொழில்" என்னும் சொல்லே அடிமையாக்குவது. அச்சொல்லை எறிந்துவிட்டுக் கைவேலையை ஏற்போம்.

அதனால் வரும் பயன் யாது? ரப்பர்க் கொட்டையொன்றைக் குழந்தையின் கையிற் கொடுங்கள். அதன் புள்ளிகளையும் கோடுகளையும் பார்த்து வரையட்டும். கொட்டைகளைக் கோத்து உருவஞ் செய்யட்டும். கொட்டைகளின் புள்ளிகளை அது தானே ஒப்பிட்டுக் காணும். "இம்மரம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும். 1876-ல் பிரேசிலிலிருந்து விதைகள் இலண்டன் கியூ தோட்டத்திற்குப் போனதையும், 1877-ல் கன்றுகள் சிங்கப்பூருக்கும் நமது பேராக்கின் கோலகங்சாருக்கும் வந்ததையும் அப்போது சொல்லலாம். "காடு எங்கே போயிற்று? ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை ஏன் வந்தது?" என்பது அடுத்த கேள்வி. பெர்னம் ஆற்றங்கரையில் களிமண் எடுக்கப்போகும் பிள்ளை, மண்ணோடு பிளாஸ்டிக் பையையும் காணும். அதனை யார் எறிந்தார் என்று கேளாமலிருக்குமா? கேள்வி கேட்கும் பிள்ளையே நமக்கு வேண்டும்.

சுற்றுச்சூழல் விழாவென்று பெயரிட்டு, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தாளில் மரம் வெட்டியொட்டி, மாலையில் அதனைக் குப்பையில் எறியும் கூத்தையும் நாம் கண்டிக்கிறோம். உதிர்ந்த இலையும், மூங்கிலும், தென்னங் குருத்தும் காசில்லாமற் கிடைக்குமிடத்தில் இது வெட்கக்கேடல்லவா?

தேர்வு கெடும் என்று இனியும் சாக்குச் சொல்ல வழியில்லை. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ல் நீக்கப்பட்டது. பழைய கல்லூரியோ 1997-ல் பல்கலைக்கழகமாகி, இன்று தமிழாசிரியர்களையும் உருவாக்குகிறது.

எனவே பெற்றோர் சங்கங்களைக் கேட்கிறோம்: வாரத்தில் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்குங்கள். தோரணம் பின்னும் பாட்டியையும், மூங்கில் பிளக்கும் தாத்தாவையும் பள்ளிக்கு ஆசிரியராய் அழையுங்கள். ஆண், பெண் வேற்றுமையின்றி எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து மண் பிசையட்டும். பேனா பிடிக்கும் கைக்கு மண்ணும் தெரிந்திருந்தால், அது எழுதுவதில் உண்மை இருக்கும்.