ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 11 நியமனங்கள்



குரூப் 4 தேர்வுக்காக நூலகம் திறக்கும் முன்பே வாசலில் காத்திருக்கும் பிள்ளைகள் இங்கே ஏராளம். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணைய (டிஎன்பிஎஸ்சி) உறுப்பினர்களை யார், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

2016 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், அன்று ஒரே நாளில் 11 பேரை உறுப்பினர்களாக நியமித்தது தமிழக அரசு. எதிர்க்கட்சியினர் நீதிமன்றம் போனார்கள். தகுதியை முறையாகப் பரிசீலிக்கவில்லை, வெளிப்படைத்தன்மை இல்லை என்று டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் 11 நியமனங்களையும் ரத்து செய்தது. அரசின் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்திலும் எடுபடவில்லை.

தெரியாமல் நடந்த தவறு என்று இதை விட்டுவிட முடியாது. பஞ்சாப் தேர்வாணையத் தலைவர் நியமன வழக்கில், நேர்மையையும் திறமையையும் ஆராய்ந்தே நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது.

உறுப்பினரின் பதவிக்காலம் 6 ஆண்டுகள் அல்லது 62 வயது வரை. இடையில் நீக்கும் அதிகாரம் மாநில அரசுக்குக் கிடையாது. குடியரசுத் தலைவருக்கே உண்டு. அரசியலமைப்பின் 316-வது பிரிவோ, ஆளுநர் நியமிப்பார் என்கிறதே தவிர, ஆளைத் தேடும் முறையைச் சொல்லவில்லை. பாரபட்சம் நுழைவது அந்த இடைவெளியில்தான். காலியிடத்தை விளம்பரப்படுத்தி, தேர்வுக் குழு அமைத்து, தேர்ந்தெடுத்த காரணத்தையும் அரசு வெளியிட வேண்டும்.