பன்னிரண்டாவது இதயம்

சென்ற ஆவணி விடுமுறையில் எங்கள் இல்லத்துக்கு ஒரு விருந்தாளி வந்து நான்கு வாரம் தங்கிச் சென்றது. 'சென்றார்' என எழுதாமல் 'சென்றது' என எழுதியதை அச்சுக்கோப்பவரின் பிழையென்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். ரொறன்ரோவிலிருந்து வந்த என் தமக்கையார் மகன், தன் உடுப்புகளுக்கு நடுவே பத்திரமாகப் பொதிந்து கொணர்ந்த சாம்பல் நிறப் பெட்டியொன்றையே குறிப்பிடுகின்றேன். மருமகன் எப்படி விருந்தாளியாவான்? அவன் வீட்டுப் பிள்ளை.

இப்பகுதியில் புத்தகங்களையும் திரைப்படங்களையும் பற்றி எழுதிவரும் நான், வீடியோ விளையாட்டு ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்தது கண்டு சில பெற்றோர் முகம் சுளிக்கக்கூடும். முதல் இரண்டு நாட்களும் நானும் அப்படித்தான் முகம் சுளித்துக்கொண்டிருந்தேன்.

அப்பெட்டி நின்டெண்டோ நிறுவனத்தாருடையது. யப்பானில் 1983 யூலை மாதத்தில் 'குடும்பக் கணினி' என்று பொருள்படும் பெயரோடு பிறந்து, 1985இல் வேறு உருவமும் வேறு பெயரும் பூண்டு அமெரிக்கா சென்றது. அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட். நமது மின்சாரமோ 230 வோல்ட். ஆகையால் முதல் நாள் முழுவதும் மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி ஒன்றைத் தேடிக் கடை கடையாக அலைந்தோம். அடுத்த நாள், பெட்டி உயிர்பெற்றும் படம் விட்டுவிட்டு மின்னிற்று. விளையாட்டு அடங்கிய காட்ரிட்ஜை வெளியே எடுத்து, வாயால் ஊதி மீண்டும் செருகினால் சரியாகும் என்பது அக்காலத்துப் பிள்ளைகளின் நம்பிக்கை. மருமகன் என்னை ஊத விடவில்லை. வாயின் ஈரம் உள்ளேயுள்ள உலோக முனைகளைக் கறைப்படுத்துமாம். எடுத்துச் செருகும்போது முனைகள் நன்றாகப் பொருந்திக்கொள்வதே படம் தெளிவதற்குக் காரணமாம்.

அந்தக் காட்ரிட்ஜ் பொன்னிறமானது. 'செல்டாவின் கதை' என்னும் விளையாட்டு அது. 1986 பெப்ரவரி 21ஆம் நாள் யப்பானில் வட்டுவடிவில் வெளியாகி, 1987இல் அமெரிக்காவில் பொன்னிற உறைக்குள் விற்பனைக்கு வந்தது. அமைத்தவர்களுள் முதன்மையானவர்கள் சிகேரு மியமோட்டோ, தகாஷி தெசுகா என்னும் இருவர். மியமோட்டோ கியோத்தோவுக்கு அருகேயுள்ள சோனொபே என்னும் ஊரில் வளர்ந்தவர். சிறு வயதில் காடும் மேடும் சுற்றி, குகைகளுள் புகுந்து பார்த்த அனுபவமே இவ்விளையாட்டின் விதை என்று அவரே கூறியிருக்கின்றார்.

கதை மிக எளியது. கானன் என்னும் அரக்கன் செல்டா என்னும் அரசிளங்குமரியைச் சிறைவைத்திருக்கின்றான். ஞான முக்கோணம் எட்டுத் துண்டுகளாக எட்டுச் சுரங்கங்களுள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றது. லிங்க் என்னும் சிறுவன் அவற்றை ஒன்றுசேர்த்து, ஒன்பதாவது சுரங்கத்துள் புகுந்து அரக்கனை வெல்ல வேண்டும். நம் பாட்டிமார் சொன்ன 'ஏழு கடல் தாண்டி' வகைக் கதைதான். ஆனால் பாட்டி வழி சொல்லுவார். இந்த விளையாட்டுச் சொல்லாது. தொடங்கியதும் சிறுவன் வெறுங்கையோடு ஒரு வெட்டவெளியில் நிற்கின்றான். எப்பக்கம் செல்வது, என்ன செய்வது என்று ஒரு சொல்லுமில்லை. அருகே கரிய வாயிலொன்று தெரிகின்றது. உள்ளே போனால் கிழவர் ஒருவர் மரவாள் தருகின்றார். போகாமலும் இருக்கலாம், அது உங்கள் பாடு.

நாடு முழுவதும் 128 திரைகள். குறுக்கே 16, நெடுக்கே 8. புதிதாக வாங்கியவர்களுக்குப் பெட்டியோடு வரைபடமும் கைந்நூலும் கிடைத்தன. இதுவோ பழைய பொருட்கள் விற்கும் கடையில் வாங்கியது, இரண்டுமில்லை. என் மகள் தன் கணிதக் கொப்பியின் நடு ஒற்றைகளில் 128 கட்டங்கள் கீறி, நாங்கள் கால்வைத்த இடத்தையெல்லாம் குறிக்கத் தொடங்கினாள். ஆறு எங்கே, சுடுகாடு எங்கே, எந்தப் பாறையை வெடிவைத்துப் பிளந்தோம் என்பனவெல்லாம் அதிலே ஏறின. வெடித்த சுவருக்குள் இருந்த கிழவர் ஒருவர், கதவைத் திருத்தும் கூலியென்று எங்களிடமே 20 ரூபி அறவிட்ட இடத்தில் அவள் சிவப்பு மையால் பெரிய புள்ளடி போட்டாள். ரூபி என்பது அந்நாட்டு நாணயம்; நமது ரூபாவன்று. 255 ரூபிக்கு மேல் சேர்க்க முடியாது. ஏன் 255? எட்டு இரும இலக்கங்களால் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அதுவே. கணிதம் படிக்கும் மாணவர் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இந்த நாடு, அதன் சுரங்கங்கள், அரக்கர், இசை யாவும் 128 கிலோபைற்றுக்குள் அடங்கியவை. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே இதனைப் போலப் பல மடங்கு இடம் வேண்டும். அந்தச் சிற்றிடத்திலும் மிச்சம் பிடித்த கதை சுவையானது. தெசுகா சுரங்கங்களை வரைந்து முடித்தபோது ஒதுக்கிய இடத்தில் பாதியையே தவறுதலாகப் பயன்படுத்தியிருந்தாராம். மியமோட்டோ மற்றப் பாதியை வீணாக்காமல் இரண்டாவது சுற்றொன்றை அமைக்கச் செய்தார். ஒருமுறை வென்றவர்க்கு அதே நாடு வேறு சுரங்கங்களோடு மறுபடி திறக்கின்றது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். உயிர் போய் மீளும்போதெல்லாம், பத்து இதயம் சேர்த்தவனுக்கும் மூன்று இதய வலிமையோடுதான் மறுவாழ்வு. வலிமையை நிரப்பச் சிறு பூச்சி புழுக்களை அடித்துக்கொண்டு அலைவது சலிப்பூட்டும் வேலை. குகைக் கிழவர்களின் ஆங்கிலமோ அரைகுறை மொழிபெயர்ப்பு. குறிப்புக் கிடைத்தும் பொருள் விளங்காது. பெரிய முயற்காது கொண்ட பூதமொன்று உண்டு. யப்பானியப் பெட்டியின் இரண்டாவது கைப்பிடியில் ஒலிவாங்கி இருந்தது. அதனுள் கத்தினால் அப்பூதம் செத்துவிடும். அமெரிக்கப் பெட்டியில் ஒலிவாங்கி இல்லை. ஆயினும் அப்பூதத்துக்குப் பேரொலி ஆகாது என்று கைந்நூலில் அச்சிட்டுவிட்டார்கள். அதை நம்பிய அமெரிக்கச் சிறுவர் விளையாட்டிலுள்ள குழலை ஊதி ஊதிப் பார்த்தார்கள்; பூதம் அசையவில்லை. மருமகன் இக்கதையைச் சொன்னதும் என் மகள் தொலைக்காட்சியைப் பார்த்து வீடதிரக் கத்தினாள். பூதம் சாகவில்லை; சமையலறையிலிருந்து என் மனையாள் அகப்பையோடு ஓடிவந்தாள். அந்தப் பூதத்துக்கு அமெரிக்காவில் அம்பே மருந்து.

விடையைத் தொலைபேசியில் தேடிப் பார்க்கலாமா என்னும் வழக்கு எட்டாவது சுரங்கத்தின் வாயிலைத் தேடியபோது எழுந்தது. மருமகன் பார்க்கலாம் என்றான். கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தைப் பார்ப்பதற்கு ஒப்பாகும் என்றேன் நான். மகள் இருவருக்கும் மறுமொழி சொல்லாமல் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, மற்ற மரமெல்லாம் வரிசையா நிக்குது. இது ஒண்டு மட்டும் ஏன் தனிய நிக்குது?" என்றாள். மெழுகுதிரியால் அதைக் கொளுத்தினோம். படிக்கட்டுத் தெரிந்தது. இந்த விளையாட்டை நான் மதிக்கத் தொடங்கிய நேரம் எதுவென்று கேட்டால், அதைத்தான் சொல்வேன்.

இனி, இதை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகின்றேன்.

காட்ரிட்ஜுக்குள் நாணயமளவான மின்கலமொன்று உண்டு. பெட்டியை நிறுத்திய பின்னரும் மூன்று பேருடைய ஆட்ட விவரங்களை நினைவில் வைத்திருப்பது அதன் தொழில். முதல் நாள் நாங்கள் பெட்டியைத் திறந்தபோது மூன்று இடங்களுள் ஒன்று வெறுமையாக இருக்கவில்லை. நான்கெழுத்துப் பெயர், எதிரே 11 இதயம், பெயரின் கீழே இறப்பு 97. முன்னைய சொந்தக்காரர் விட்டுச்சென்றது. உள்ளே போய்ப் பார்த்தோம். ஐந்து துண்டுகள் சேர்த்து, ஆறாவது சுரங்கத்தை முடிக்காமல் நின்றுபோன ஆட்டம். சுடுகாட்டுக் கல்லொன்றின் கீழே இந்நாட்டின் மிகச் சிறந்த வாள் இருக்கின்றது. 12 இதயம் உள்ளவர்க்கே அது கைவரும். அந்த ஆள் ஓர் இதயத்தால் அதைத் தவறவிட்டிருக்கின்றார். ஆறாவது சுரங்கத்திலோ மறைந்து மறைந்து மந்திரம் எய்யும் சூனியக்காரரும், கேடயத்தை விழுங்கும் பிராணியும் கூட்டமாக இருக்கின்றன. அவ்விடத்தில் 97 முறை இறந்தவர் கைப்பிடியை வைத்துவிட்டுப் போனதில் வியப்பில்லை. பரீட்சை வந்ததோ, வீடு மாறினார்களோ, யாரறிவார்?

"மாமா, இது ஆரோ ஒருத்தரின்ரை. இதை அழிக்கக்கூடாது. எங்கடையை முடிச்சிட்டு இதையும் நாங்களே முடிச்சு விடுவம்" என்றான் மருமகன். அப்படியே தீர்மானமாயிற்று. இரண்டாவது இடத்தில் எங்கள் குடும்பப் பெயரைப் பதிந்தோம்.

கைந்நூல் இல்லாதபடியால் விதிகளை அவன்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தான். அவற்றுள் தலையாயது, பெட்டியை நிறுத்தும்போது 'றீசெற்' பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே மின் பொத்தானை அமர்த்த வேண்டும் என்பது. இல்லையேல் மின்சாரம் அடங்கும் கணத்தில் நினைவு குழம்பிப் பதிவு அழிந்துபோகலாம்.

மூன்றாம் வாரத்தின் முடிவில் ஒருநாள் இரவு, பிள்ளைகள் உறங்கிய பின் நான் தனியே இருந்து விளையாடினேன். மணி பன்னிரண்டரை. எட்டுத் துண்டும் கையில். ஒன்பதாவது சுரங்கத்துக்குள் சற்றுத் தூரம் போயுமிருந்தேன். பின்னால் மனையாளின் காலடி கேட்டது. அலுவலகம் செல்லும் மனிதன் அந்நேரத்தில் அகப்படக்கூடாத நிலையில் அகப்படும்போது கை தானாகவே வேலை செய்துவிடுகின்றது. மின் பொத்தானை அமர்த்தினேன். மற்றப் பொத்தானை மறந்தேன்.

காலையில் மூன்று இடங்களும் வெறுமையாக இருந்தன.

மருமகன் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எங்கள் பதிவு போனதைப் பற்றி அவன் பெரிதாக எண்ணியதாகவும் தெரியவில்லை. முதலாவது இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். யார் என்றே தெரியாத ஒருவர் 97 முறை இறந்து சேர்த்து வைத்ததை, எத்தனையோ ஆண்டுகள் ஒரு சிறு மின்கலம் காப்பாற்றி வந்ததை, என் ஒரு விரல் அழித்துவிட்டது. மகள் எழுந்து போய்க் கணிதக் கொப்பியை எடுத்து வந்து மேசைமேல் விரித்தாள்.

மூன்று வாரம் எடுத்ததை வரைபடத்தின் துணையால் ஆறே நாளில் மீண்டும் கடந்தோம். மயக்குக் காட்டில் வடக்கு, மேற்கு, தெற்கு, மேற்கு; மயக்கு மலையில் நான்கு முறை மேலே; தேவதை வாழாத குளத்தில் குழல் ஊதினால் நீர் வற்றி ஏழாவது சுரங்கம். எல்லாம் அவள் கையெழுத்திலேயே இருந்தன. விமானத்துக்கு முந்திய நாள் மாலை கானனின் அறைக்குள் நுழைந்தோம். அவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். கணக்காக வாள்வீசி, நிறம் மாறும் வேளை பார்த்து வெள்ளி அம்பால் எய்ய வேண்டும். ஓர் அம்பு எய்ய ஒரு ரூபி செலவு. எங்களிடம் இருந்தவை மூன்று ரூபி. கடையில் கதவு திருத்தக் கூலி கொடுத்ததையெல்லாம் அப்போதுதான் எண்ணினேன். மருமகன் இரண்டு அம்பைத் தவறவிட்டான். மூன்றாவது தைத்தது.

பழைய விளையாட்டுகளைப் போற்றுவோர் எல்லாம் இளமை நினைவால்தான் போற்றுகின்றார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். எனக்கு இதனோடு இளமை உறவில்லை. என் பிள்ளைக்கும் இல்லை. ஆகவே தாட்சணியமின்றிச் சொல்லலாம்: வழிகாட்டாமல் விட்டதே இதன் பெருஞ் சிறப்பு, சில இடங்களில் அளவுக்கு மிஞ்சி வழிகாட்டாமல் விட்டதே இதன் குறை. தனியே விளையாடுவதிலும், ஒருவர் ஆட, ஒருவர் வரைய, ஒருவர் குறைகூற மூவராக இருந்து விளையாடுவதே நன்று. இரண்டாவது சுற்றை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

மருமகன் ஊர்போய்ச் சேர்ந்த பின், தகப்பனாரின் உதவியோடு காட்ரிட்ஜைத் திறந்து, பழைய மின்கலத்தின் ஈயப்பற்றை உருக்கி எடுத்துப் புதியதைப் பொருத்தினானாம். மின்கலத்தைக் கழற்றும்போது பதிவு போய்விடும். எங்கள் வெற்றியும் அதோடு போயிற்று. கடந்த வாரம் தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். முதலாவது இடத்தில் அந்த நான்கெழுத்துப் பெயர். 12 இதயம். இறப்பு 61.

மகள் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"ஆறாவது சுரங்கம் முடிஞ்சுதோ எண்டு கேளுங்கோ, அப்பா" என்றாள்.