முதற்பக்கத்தின் வரிசை

செய்தி விட்டதைக் காட்டுவதே அரசியல் கலையின் வேலை என்று அண்மையில் ஒரு சஞ்சிகை தீர்ப்பெழுதியிருக்கிறது. பரிசு பெற்ற காட்சிப்படைப்பொன்றைப் பாராட்டும்போது வந்த வரி. லோஞ்சில் மூதூருக்கு வந்து, பின்னேரம் கிளிவெட்டிக்கு வந்துசேர்ந்த பேப்பரில் எங்கள் ஊர்ப் பெயரைத் தேடிப் பழகிய கண்ணுக்கு அந்த வரி பொறுக்கவில்லை. விட்டது என்றால் யாரோ மறந்துபோனார்கள் என்றாகிவிடும். பத்திரிகை வரிசைப்படுத்துகிறது. எது மேலே, எதற்கு எத்தனை பத்தி, செத்தவர்களில் யாருக்குப் பெயர், யாருக்குத் தொகை மட்டும்: எல்லாம் ஒரு மேசையில் எடுத்த முடிவு.

சிலி நாட்டுக் கலைஞர் அல்பிரெடோ ஜார் இதை எப்போதோ காட்டிவிட்டார். 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் கொலை தொடங்கியது. ஒரு பெரிய அமெரிக்க வார இதழ் அதை அட்டைக்குக் கொண்டுவர ஓகஸ்ட் ஆயிற்று. அதுவரை வந்த 17 அட்டைகளையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் அந்தக் கிழமை ருவாண்டாவில் நடந்ததை எழுதினார். ஓ.ஜே. சிம்சனுக்கும் அட்டை உண்டு. ருவாண்டா 17ஆவது. அங்கே தானே எடுத்த படங்களைக் கறுப்புப் பெட்டிகளில் மூடி, உள்ளே இருப்பதை மேலே எழுத்தால் மட்டும் சொன்னவரும் அவர்தான். 

இங்கேயும் ஒரு சுவர் வேண்டும். 1996 பெப்ரவரி 11, கிளிவெட்டியை அடுத்த குமாரபுரம். 24 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும். 13ஆம் திகதி கொழும்பில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாக இலங்கையோடு கிறிக்கெற் ஆடின. மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பின் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இங்கு வர மறுத்ததால், துணைநிற்க ஆடிய ஆட்டம். மார்ச் 17 லாகூரில் உலகக் கிண்ணம். அதற்கு நாங்களும் கைதட்டினோம். வங்கியில் செத்தவர்களுக்குக் கிடைத்த இடம் கூடுதல் என்றும் சொல்லமாட்டோம்.

பெப்ரவரி 12 முதல் மார்ச் 18 வரை, 36 நாள், மூன்று மொழி நாளேடுகளின் முதற்பக்கங்களையும் ஒட்டவேண்டும். கீழே, அந்தந்த நாள் எப்படிப் போனது என்று குமாரபுரத்துச் சனத்தின் வாயால் கேட்டு எழுதவேண்டும். தமிழ் ஏடுகளுக்கு விலக்குத் தரமுடியாது. மூதூரின் சாவு யாழ்ப்பாணத்தின் சாவுக்குப் பின்னால் நிற்கவேண்டும் என்ற பழக்கத்தைக் கொழும்பு மட்டும் உண்டாக்கவில்லை. கிழக்கை வாலாக வைத்துத் தேசம் பேசியவர்களுக்கும் அதில் பங்குண்டு.

கடைசிப் பலகை 2016 யூலை 28. முதல்நாள்தான் அநுராதபுரம் மேல் நீதிமன்றம் குமாரபுரக் கொலை வழக்கில் ஆறு முன்னாள் இராணுவத்தினரையும் விடுவித்தது.

பழைய பேப்பர்க் கட்டு வீட்டில் இருப்பவர்கள் எறியவேண்டாம். முதற்பக்கம் கிழியாமல் கொண்டுவந்து தாருங்கள்.