மான்தோலுக்கு மடி, உரித்தவனுக்குத் தீட்டா?

அமெரிக்காவில் விஸ்கான்சின் என்று ஒரு மாகாணம். அங்கே ஆண்டுதோறும் நவம்பர் பிற்பகுதியில் ஒன்பது நாட்கள் துப்பாக்கியால் மான் வேட்டையாட அனுமதி உண்டு. உபாத்தியாயர், டாக்டர், ஆலைத் தொழிலாளி, பால்பண்ணைக்காரர் என்கிற பேதமின்றிச் சீட்டு வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள். அவர்களில் அநேகர் தாம் சுட்ட மானைத் தம் வீட்டுக் கொட்டகையில் தாமே அறுத்துக்கொள்ளுகிறார்கள். நாம் வேட்டைக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. நம் நாட்டில் 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி மானைக் கொல்லுவது குற்றம். அது இருக்கவேண்டிய சட்டமேயாகும். நாம் பேச வந்தது அறுக்கிற கையைப் பற்றி.

அந்த வேலை இலேசானதல்ல. விழுந்த இடத்திலேயே வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிட வேண்டும். குடலில் கத்தி பட்டுக் கிழிந்தால் இறைச்சி நாசம். உடற்சூடு சீக்கிரம் தணியாவிட்டால் கிருமி பெருகும். முன்னங்காலை உடம்போடு பிடித்திருப்பது வெறும் சதையே, எலும்புப் பொருத்து அங்கே கிடையாது என்பதை அறிந்தவனுக்குச் சிறு கத்தி போதும். அறியாதவன் கோடாலியைத் தேடுவான். 1967-ல் கொலராடோவில் முதன்முதல் காணப்பட்ட, மானை உருக்கிக் கொல்லும் மூளை நோயொன்று இன்று பல மாகாணங்களில் பரவியிருக்கிறது. சமைத்தாலும் அதன் விஷம் அழியாது. மனிதனுக்குத் தொற்றியதாக ருசுவில்லை. என்றாலும் மூளையையும் முதுகுத்தண்டையும் வெட்டாமல் சதையை மாத்திரம் எடுத்து, மாதிரியைப் பரீட்சை செய்வித்து, பிறகு உண்ணும்படி சுகாதார இலாகாவினர் யோசனை சொல்லுகிறார்கள்.

ஆக, அங்கே பயப்படுவது நோய்க்கு. சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவினால் காரியம் தீர்ந்தது. மறுநாள் அந்த உபாத்தியாயர் பாடம் சொல்லப் போகிறார். மான் அறுத்த கை என்று அவர் தொட்ட தண்ணீரை எவனும் கொட்டுவதில்லை. (அந்நாட்டு நிறபேதம் வேறு ஓர் அயோக்கியத்தனம், அதை நாம் மறக்கவில்லை.)

நிற்க, நம் யோக்கியதையைப் பார்ப்போம். மநுதர்மத்தின் 2-ம் அத்தியாயம் பார்ப்பனப் பிரமசாரிக்குக் கருமான் தோலை மேலாடையாக விதிக்கிறது. 3-ம் அத்தியாயம் திதியில் மான் மாமிசம் படைத்தால் பிதுர்களுக்கு 3 மாதம் திருப்தி என்று கணக்குப் போடுகிறது. அதே புஸ்தகத்தின் 4-ம் அத்தியாயம், தோல் அறுக்கிறவனுடைய சோற்றை உண்டால் கீர்த்தி போய்விடும் என்கிறது! பூணூலில் மான்தோல் துண்டு முடிகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. நாம் கேட்கிறோம்: அந்த மான் தன் தோலைத் தானே கழற்றி சாஸ்திரிகள் கையில் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் ஓடிப்போயிற்றா?

இதெல்லாம் பழங்கதை என்பார்கள். 2016 ஜூலையில் குஜராத்தில், ஊனாவுக்குப் பக்கத்தில், செத்த மாட்டின் தோலை உரித்த தாழ்த்தப்பட்ட வாலிபர்களைக் கட்டிவைத்து அடித்து, அதைப் படம் பிடித்தும் பரப்பினார்கள். அதன் பேரில் அம்மாகாணத்துத் தோழர்கள் செத்த மாடுகளை சுரேந்திரநகர் சர்க்கார் கச்சேரி முன் கொண்டுவந்து குவித்து, இனி இந்த வேலையை நாங்கள் செய்யமாட்டோம் என்றார்கள். நாற்றம் எழும்பிய பிறகல்லவா அந்த வேலையின் அருமை ஊருக்குத் தெரிந்தது!

பார்ப்பனரை மாத்திரம் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் முண்டியடிக்கிறவர்கள் யார்? தொழுவத்தில் மாடு செத்தால் சேரிக்கு ஆள் அனுப்பிவிட்டு, வந்தவரை வேலிக்கு அப்பால் நிறுத்திக் கூலியைத் தூக்கிப் போடுகிறவர்கள் யார்? நம்முடைய கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறவர்களிலும் சிலர் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை, அவரவர்க்குத் தெரியும்.

தோழர்களே, அடுத்த தடவை உங்கள் தொழுவத்தில் மாடு செத்தால் கத்தியை நீங்களே எடுங்கள். கை வராதென்றால், தெரிந்தவரைக் கேட்ட கூலி கொடுத்து அழையுங்கள். வேலை முடிந்ததும் அவரை உங்கள் வீட்டுக்குள் உட்காரவைத்து, நீங்கள் உண்ணுகிற தட்டிலேயே சோறு போடுங்கள்.